ஒரு தவணைகூடத் தவறியதில்லை, ஆனாலும் தொழில் கடன் கிடைக்கவில்லை. ஏன்?

எழுதியவர்: அட்டைப்பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். அட்டைப்பெட்டி செய்யும் சிறு யூனிட் நடத்துகிறேன், இது மூன்றாவது வருஷம். ஆர்டருக்குக் குறைவில்லை. அட்டையை வடிவத்துக்கு வெட்டும் டை கட்டிங் மிஷின் ஒன்றுதான் இருக்கிறது, அது ஓடி முடிக்கும்வரை மற்ற வேலை எல்லாம் காத்துக் கிடக்கிறது. இரண்டாவது மிஷினுக்காகக் கடன் கேட்டேன். தொடங்கிய நாளிலிருந்து நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கியே மறுத்துவிட்டது. மேனேஜரிடம் காரணம் கேட்டால், "உங்க கிரெடிட் புரொஃபைல் ஒத்துவரலை" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மிஷின் விற்பவர் இந்த விலை ரொம்ப நாளைக்கு நிற்காது என்றார். அதனால் அதே வாரத்தில் ஆன்லைனில் கடன் தரும் நிறுவனங்கள் நாலைந்தில் விண்ணப்பித்தேன். ஒன்றைத் தவிர எல்லாம் மறுப்பு. சரி என்ற அந்த ஒன்று கேட்கும் வட்டியைக் கட்டினால் புது மிஷின் சம்பாதிப்பது முழுக்க அவர்களுக்கே போய்விடும்.

எனக்குப் புரியாதது இதுதான்: இன்றுவரை யாருக்கும் ஒரு தவணையைக்கூடத் தாமதமாகக் கட்டியதில்லை. பிறகு எதை வைத்து என்னை வேண்டாம் என்கிறார்கள்?

நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். காகித ஷீட் கொள்முதல் எல்லாம் என் சொந்த கிரெடிட் கார்டில். மாதாமாதம் லிமிட்டில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். கடைசித் தேதிக்கு முன்பே முழுத் தொகையும் கட்டிவிடுவேன், வட்டி கொடுத்ததே இல்லை. இன்னொரு பழைய கார்டு இருந்தது, ஆண்டுக் கட்டணம் வீண் என்று போன வருஷம் மூடினேன். யூனிட் பெயரில் ஓவர்டிராஃப்ட் உண்டு, அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் ஒரு லிமிட் வரை எடுத்துக்கொள்ளும் வசதி. எப்போதும் லிமிட்டை ஒட்டியே நிற்கும், ஆனால் தாண்டியதில்லை. மைத்துனரின் வண்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறேன், அது அவர் கட்டுவது.

என் கடன் விவரமெல்லாம் இருக்கும் கிரெடிட் ரிப்போர்ட்டை இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தாலே ஸ்கோர் குறையும் என்கிறார்களே, உண்மையா? இன்னும் ஓரிரு வங்கியில் கேட்டுப் பார்க்கலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

எழுதியவர்: அச்சகம்

நண்பரே, முதல் வேலையாக ரிப்போர்ட்டை எடுங்கள். நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் ஒரு புள்ளிகூடக் குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து, அந்த நிறுவனம் எடுத்துப் பார்க்கும்போதுதான் அது என்கொயரியாகப் பதிவாகும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அடைத்து முடித்த ஒரு இயந்திரக் கடன், ரிப்போர்ட்டில் இன்னும் நடப்பில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. கடன் கொடுத்தவர்கள் முடிந்துவிட்ட தகவலை, ரிப்போர்ட் தயாரிக்கும் கடன் பதிவகத்துக்கு அனுப்பவே இல்லை. புதுக் கடன் கேட்ட இடத்தில், ஏற்கெனவே இவ்வளவு சுமை இருக்கிறதே என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பாக்கி இல்லை என்று அவர்கள் கொடுத்த கடிதம் கையில் இருந்ததால் புகார் போட்டுச் சரிசெய்ய முடிந்தது. அந்தக் கடிதத்தை மட்டும் யாரும் தொலைத்துவிடாதீர்கள். புகாரை விசாரித்து முடிக்க அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பொதுவாக 30 நாள்தான் கெடு. மற்ற நாடுகளிலும் இதற்கு ஒரு வழி இருக்கும், கேளுங்கள்.

எழுதியவர்: பழைய கடன்மேசை

தம்பி, சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரைக்கும் மேசையில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு ஃபைல் மேசைக்கு வந்தது போலவே இருந்தது. நீங்கள் நேர்மையாகக் கட்டுகிறவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஃபைலைப் படிக்கிறவருக்கு உங்கள் நேர்மை நேரடியாகத் தெரியாது. அவருக்குத் தெரிவது எண்கள் மட்டும், அந்த எண்கள் இப்போது பணத்துக்குத் தவிக்கும் ஒருவரைக் காட்டுகின்றன.

தவணை தவறாமை பெரிய விஷயம்தான், ஆனால் அது ஒன்றே எல்லாம் அல்ல. அமெரிக்காவில் கடன் தகுதிக்குப் பார்க்கும் மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைகோ நிறுவனமே வெளியிட்ட கணக்குப்படி, கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம். எவ்வளவு கடன் பாக்கி நிற்கிறது என்பதற்கு 30. கடன் வரலாற்றின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, எத்தனை வகைக் கடன் என்பதற்கு 10. மற்ற நாட்டு ஸ்கோர்கள் வேறு விகிதம் வைத்திருக்கலாம், ஆனால் பார்க்கும் சங்கதிகள் ஏறக்குறைய இவைதான். நீங்கள் முதல் 35-ல் நன்றாக இருக்கிறீர்கள். மீதியில்தான் அடி.

கார்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை விளங்கிக்கொள்ளாமல் தவிக்கும் நல்ல வியாபாரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் முழுத் தொகையும் கட்டுகிறீர்கள், சரி. ஆனால் கார்டு நிறுவனம் பதிவகத்துக்கு அனுப்புவது ஒரு குறிப்பிட்ட நாளின் பாக்கியை. பெரும்பாலும் அது ஸ்டேட்மென்ட் தயாராகும் தேதியை ஒட்டி இருக்கும். சில இடங்களில் மாதத்தில் குறித்த நாள்கள். இந்தியாவில் குறைந்தது 15 நாளுக்கு ஒருமுறை அனுப்பியாக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. நீங்கள் பணம் கட்டுவதோ ஸ்டேட்மென்ட் வந்து, அதில் சொன்ன கடைசித் தேதி நெருங்கும்போது. அதாவது படம் எடுக்கும் நாளில் கார்டு நிரம்பி வழிகிறது, காலியாகும் நாளில் யாரும் படம் எடுப்பதில்லை. வட்டி கட்டாதவர், லிமிட்டில் 90 சதவீதக் கடனில் மூழ்கியவராகவே மாதாமாதம் பதிவாகிறார். 30 சதவீதத்துக்குள் வைத்திருங்கள் என்பது வழக்கமான அறிவுரை. அது சட்டமோ கோடோ அல்ல, குறையக் குறைய நல்லது, அவ்வளவே.

இதற்கு மருந்து எளிது. ஸ்டேட்மென்ட் தேதிக்கு மூன்று நான்கு நாள் முன்பே பெரும்பகுதியைக் கட்டிவிடுங்கள். அதே பணம்தான், கொஞ்சம் முன்னால் போகிறது. ஓரிரு மாதத்தில் ரிப்போர்ட்டில் வித்தியாசம் தெரியும். பழைய தாமதங்களைப் போல இந்த அடி வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

பழைய கார்டை மூடியது இதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு கார்டுக்கும் லிமிட் தலா 100 என்று வையுங்கள். 200-ல் 90 போனால் 45 சதவீதம். ஒன்றை மூடியதும் அதே 90 செலவு 90 சதவீதம் ஆகிவிடுகிறது. செலவு கூடவில்லை, தவறு நடக்கவில்லை, ஆனாலும் எண் இரட்டிப்பு. கட்டணம் இல்லாத வகைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். மூடியதைப் பற்றி இனிக் கவலைப்படாதீர்கள், இருப்பதைக் காப்பாற்றுங்கள்.

அடுத்து, அந்த ஒரு வாரம். வங்கி மறுத்ததும் நாலைந்து இடத்தில் கேட்டீர்கள். ஒவ்வொன்றும் ஒரு என்கொயரி. ஸ்கோரில் ஒவ்வொன்றுக்கும் குறைவது சில புள்ளிகள்தான், அதை ஊதிப் பெரிதாக்க விரும்பவில்லை. ஆனால் ஃபைல் படிக்கிறவரின் கண்ணுக்கு அது வேறு மாதிரி தெரியும். ஏழு நாளில் ஐந்து இடத்தில் கேட்டிருக்கிறார், ஒன்றும் கடனாக மாறவில்லை, அப்படியென்றால் மற்றவர்கள் எதையோ பார்த்து ஒதுங்கியிருக்கிறார்கள் என்று மனம் ஓடும். என் மனமும் ஓடியிருக்கிறது. வீட்டுக் கடன், வாகனக் கடனுக்கு வட்டி ஒப்பிடுவதற்காகக் கொஞ்ச நாளுக்குள் பல இடத்தில் கேட்டால் அதை ஒரே என்கொயரியாக எண்ணும் சலுகை ஃபைகோவில் உண்டு. தொழில் கடனுக்கும் கார்டுக்கும் அந்தச் சலுகை இல்லை. ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: இன்னொரு வங்கிக்கு இப்போது போகாதீர்கள். மறுத்தவர்களிடம் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 1974-ல் வந்த சமக் கடன் வாய்ப்புச் சட்டப்படி விண்ணப்பதாரர் காரணம் கேட்க உரிமை உண்டு. அப்படி ஒரு சட்டம் இல்லாத இடத்திலும் மரியாதையாகக் கடிதம் கொடுத்துக் கேட்டால் பல மேனேஜர்கள் சொல்வார்கள்.

ஜாமீன் விஷயம்: "அது அவர் கட்டுவது" என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் கொடுத்தவர் பார்வையில் அது நீங்களும் கட்டக் கடமைப்பட்டது. பல நாடுகளில் ஜாமீன் போட்ட கடன் உங்கள் ரிப்போர்ட்டிலேயே வரும். மைத்துனர் ஒரு மாதம் அசந்தால் உங்கள் பெயரிலும் கறை. அவரிடம் தயங்காமல் தவணை கட்டிய விவரத்தை வாங்கிப் பாருங்கள், உறவு கெடாது.

கடைசியாக ஓவர்டிராஃப்ட். நான் ஃபைலைத் திறந்ததும் லாப நட்டக் கணக்குக்குப் போக மாட்டேன், 12 மாத வங்கி ஸ்டேட்மென்ட்டைத்தான் புரட்டுவேன். ஓவர்டிராஃப்ட் என்பது ஏறி இறங்க வேண்டியது. சரக்கு வாங்கும்போது ஏற வேண்டும், வாடிக்கையாளர் பணம் வந்ததும் இறங்க வேண்டும். எப்போதும் உச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பணம் எங்கோ போய் உறைந்துவிட்டது என்று அர்த்தம். எங்கே போனது, தம்பி? முதல் மிஷினுக்கா?

எழுதியவர்: அட்டைப்பெட்டி

அக்கா, நீங்கள் கேட்டது சரிதான், முதல் மிஷினுக்கு முன்பணமும் அதைப் பொருத்தும் செலவும் ஓவர்டிராஃப்டிலிருந்துதான் போயின. அப்போது அது ஒன்றுதான் கையில் இருந்த வழி.

ரிப்போர்ட்டை இன்று எடுத்துவிட்டேன். கார்டு பாக்கி நீங்கள் சொன்னபடியே 90-ஐத் தொட்டு நிற்கிறது. மைத்துனர் கடன் என் பெயரோடு இருக்கிறது, அவர் ஒழுங்காகக் கட்டுகிறார். என்கொயரிகள் வரிசையாகத் தெரிகின்றன. தவறான பதிவு எதுவும் இல்லை. இன்னொன்று, யூனிட் பெயரில் கடன் வரலாறு என்று ஓவர்டிராஃப்டைத் தவிர எதுவுமே இல்லை. காகிதம் கொடுப்பவரிடம் கடனுக்கு வாங்கலாமே என்று மனைவி முன்பே சொன்னார். கார்டில் ஒரு மாத அவகாசம் கிடைக்கிறதே, எதற்கு அவரிடம் கேட்க வேண்டும் என்று இருந்தேன். இதில் ஏதாவது லாபம் உண்டா?

எழுதியவர்: தணிக்கைத் தோழி

உண்டு, நிச்சயம் உண்டு. உங்கள் மனைவி சொன்னதுதான் வழி.

நான் சிறுதொழில்களுக்குக் கணக்கு பார்க்கிறேன். கொள்முதலை சொந்தக் கார்டில் போட்டால் தொழிலின் புத்தகத்தில் அது உரிமையாளர் கொடுத்த கைமாற்றாக வந்து நிற்கும். காகிதம் கொடுத்தவருக்கு நீங்கள் காலத்தில் பணம் கொடுத்த வரலாறு யூனிட்டின் பெயரில் எங்கும் பதியாது. தொழிலின் கடனெல்லாம் உங்கள் தலையில், தொழிலின் பெயரோ வெற்றுத் தாள். யூனிட் பெயரில் 30 நாள் கடனுக்கு வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு உண்டாகும். தொழில்களின் கடன் விவரங்களைத் திரட்டும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் நிறுவனத்தின் பேடெக்ஸ் மதிப்பெண் முழுக்க இதை வைத்தே வருகிறது. 100-க்கு 80 என்றால் சொன்ன கெடுவில் கட்டுகிறவர் என்று பொருள், அதற்கு மேல் என்றால் கெடுவுக்கு முன்பே கட்டுகிறவர். உங்கள் ஊரில் அப்படி ஒரு மதிப்பெண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. காகித வியாபாரி கொடுக்கும் கணக்கு விவரத்தை விண்ணப்பத்தோடு இணைக்கலாம், வங்கிகள் அதைப் படிக்கும்.

ஸ்கோரைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு ஒன்று. உங்கள் வருமானம் இரண்டாவது மிஷினின் தவணையைத் தாங்குமா என்று வங்கி ஒரு கணக்கு போட்டிருக்கும். டிஎஸ்சிஆர் என்பார்கள். கடனுக்காகக் கட்டவேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையைப் போல எத்தனை மடங்கு பணம் தொழிலில் பிறக்கிறது என்ற விகிதம். பல இடங்களில் 1.25 எதிர்பார்ப்பார்கள். எண்ணில் காட்டுகிறேன். வருஷ லாபம் 60, தேய்மானம் (மிஷின் மதிப்பு குறைவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும் செலவு) 25, வட்டிச் செலவு 15 என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்தால் 100. இப்போதைய கடன்களுக்கு அசலும் வட்டியுமாக 55 போகிறது. புதுக் கடனுக்கு 40 என்றால் மொத்தம் 95. நூறை 95 ஆல் வகுத்தால் 1.05. மறுப்பு. அதே கடனைக் கூடுதல் வருஷங்களுக்குப் பரப்பி, வருஷத்துக்கு 25 மட்டும் கட்டும்படி கேட்டிருந்தால் மொத்தம் 80, விகிதம் 1.25. மொத்த வட்டி கூடும், அதை மறைக்கவில்லை. ஆனால் மிஷின் பத்து வருஷம் ஓடும் என்றால் அதன் கடனை மூன்று வருஷத்தில் அடைக்கத் துடிக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, என்னிடம் வருபவர்களிடம் முகத்துக்கு நேரே சொல்வதுதான். வரியைக் குறைக்க லாபத்தைக் குறைத்துக் காட்டிய கணக்கை வைத்துக்கொண்டு பெரிய கடன் கேட்க முடியாது. "அது வரிக்குக் காட்டினது, உண்மையில நல்லா வருது" என்று வங்கியில் சொன்னால் இரண்டு இடத்தில் ஒன்றில் பொய் சொன்னதாகத்தான் ஆகும். நீங்கள் அப்படிச் செய்கிறீர்கள் என்று சொல்லவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

எழுதியவர்: புதுத்தொழில்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் பழைய கார்டு கடன் ஒன்று நின்றுபோயிருக்கிறது. பாதியைக் கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்று தினமும் அழைக்கிறார்கள். அடுத்த வருஷம் கடை போடக் கடன் கேட்கப் போகிறேன். பாதி கட்டி முடித்துவிடலாமா?

எழுதியவர்: பழைய கடன்மேசை

புதுத்தொழில், முழுவதும் கட்ட ஏதாவது வழி இருந்தால் முழுவதும் கட்டுங்கள். பாதியில் முடித்தால் ரிப்போர்ட்டில் "அடைக்கப்பட்டது" என்று வராது, "செட்டில்டு" என்று வரும். எனக்குத் தரவேண்டியதில் ஒரு பங்கை இவர் தரவில்லை என்று கடன் கொடுத்தவர் எழுதிக் கையெழுத்து போட்டது போல அதைப் படிப்போம். அமெரிக்காவில் இப்படிப்பட்ட பதிவு 7 வருஷம் நிற்கும். இப்போது பணம் இல்லை என்றால் முழுத் தொகையைத் தவணையாகப் பிரித்துத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அழைப்பில் சொல்லும் எதையும் நம்பிப் பணம் போடாதீர்கள். கடிதம் வந்த பிறகு கட்டுங்கள். முழுவதும் கட்ட வழியே இல்லை என்றால் செட்டில்மென்ட், ஒன்றும் கட்டாமல் விடுவதைவிட மேல். ஆனால் அதற்கு அடுத்த வருஷமே தொழில் கடன் கேட்பது கடினம், அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

அட்டைப்பெட்டித் தம்பிக்கு: தோழி போட்ட கணக்கு மிகச் சரி, உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். மிஷினுக்குப் போன பணம் ஓவர்டிராஃப்டில் உறைந்து கிடப்பதுதான் உங்கள் ஃபைலில் மிகப் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன். ஆகவே வங்கிக்குத் திரும்பப் போகும்போது முதலில் புதுக் கடன் கேட்காதீர்கள். உறைந்த பகுதியைத் தவணைக் கடனாக மாற்றித் தரச் சொல்லுங்கள். முதல் மிஷினின் பில்லை எடுத்துக்கொண்டு போங்கள், பணம் எங்கே போனது என்பதற்கு அதுதான் சாட்சி. மாற்றிவிட்டால் ஓவர்டிராஃப்ட் மூச்சு விடும், ஏறி இறங்கத் தொடங்கும். அப்புறம் காகிதக் கொள்முதலை மெல்ல யூனிட் பெயருக்கு மாற்றுங்கள். கார்டை ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கட்டுங்கள். அந்த அதிக வட்டிக் கடனை, ஒப்புதல் வந்துவிட்டதே என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். அதன் தவணை மேலே சொன்ன 55-ஐ ஏற்றிவிடும், அதற்கப்புறம் எந்த வங்கியும் பக்கத்தில் வராது.

எழுதியவர்: அட்டைப்பெட்டி

நன்றி அக்கா, நன்றி தோழி. தேய்மானம், வட்டி எல்லாம் சேர்த்து என் கணக்கைப் போட்டேன், 1.1 கூடத் தேறவில்லை. ஏன் மறுத்தார்கள் என்று இப்போது புரிகிறது. ஒரே ஒரு சந்தேகம்: இதையெல்லாம் செய்து எவ்வளவு நாள் கழித்து மறுபடி கேட்கலாம்?

எழுதியவர்: பழைய கடன்மேசை

ஆறு மாதம். கார்டு எண் அதற்கு முன்பே சரியாகிவிடும், ஆனால் ஓவர்டிராஃப்ட் ஏறி இறங்குவதைக் காட்ட ஆறு மாத ஸ்டேட்மென்ட்டாவது வேண்டும். காகித வியாபாரியிடம் ஒழுங்காகக் கட்டிய வரலாறும் அதற்குள் சேர்ந்துவிடும். என்கொயரிகள் ரிப்போர்ட்டில் இன்னும் தெரியும், ஆனால் பழசாகியிருக்கும். ஃபைகோவில் கடந்த 12 மாதத்தவை மட்டுமே கணக்கில் வரும். மிஷின் விற்பவரிடம் இப்போதே பேசி, ஆறு மாதம் கழித்து என்ன விலைக்குத் தருவார் என்று எழுத்தில் ஒரு கொட்டேஷன் வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தோடு அதுவும் வேண்டியிருக்கும்.